வளைவில்லாத பதுங்குகுழி

ரீச்சர்,

உம்முடைய கண்ணாடி அலுமாரியில் இருந்த அந்தப் பெட்டியை இன்று காலை பிரித்தேன். மேலே சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்ரிக் உறையை நகத்தால் கீறியதும், வருடத் தொடக்கத்தில் புதுப் பாடப்புத்தகக் கட்டை அவிழ்க்கும்போது வருமே, கிட்டத்தட்ட அந்த வாசனை வந்தது. இத்தனை வருடமும் உள்ளே அடைபட்டுக் கிடந்த வாசனை. உம்மிடம் கேட்காமல் பிரிக்கிறேனே என்று கை ஒருகணம் நின்றது. கேட்பதற்கு நீர் இல்லை.

உம்முடைய மகள்தான் அதை எனக்குத் தந்தாள். நீர் போனபின் வீட்டை ஒதுக்க அஜக்ஸ் நகரத்திலிருந்து வந்தவள், அலுமாரிக்கு முன்னால் நின்று அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் பேரனின் பட்டமளிப்புப் படம், நடுவில் இந்தப் பெட்டி, அதன் அட்டையில் துப்பாக்கியோடு முகத்தில் கரி பூசிய ஒருவன். "அன்ரி, இது ஏன் அம்மா வச்சிருந்தவ? உடைச்சும் பாக்கேல்லை. எறியவும் எனக்கு மனம் வரேல்லை" என்றாள். எனக்குக் காரணம் தெரியும். அன்றைக்கு அவளுக்குச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டுவந்து நானும் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன்.

இன்று பிரித்ததற்கும் காரணம் உம்முடைய மகள்தான். வருகிற சனிக்கிழமை உம்முடைய ஆண்டுத் திவசம். நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தாள்.

"அன்ரி, ஐயர் பேருகள் கேக்கிறார். அம்மான்ர பேரோட சித்தியின்ர பேரையும் சேர்த்துக் குடுப்பமே? எத்தினை வருசமாப் போச்சு. அம்மா இருக்குமட்டும் விடேல்லை. நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அம்மா சொன்ன மாதிரி."

சித்தி என்றால் பபா. உம்முடைய கடைசித் தங்கச்சி. அவளுக்கு நரை விழுந்த பிறகும் உமக்கு அவள் பபாதான். "யோசிச்சுப்போட்டு நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை" என்று போனை வைத்தேன். பிறகுதான் அந்தப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

போர் முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த மாதங்கள் உமக்கு நினைவிருக்கும். நாட்டை விட்டு வந்து இங்கே வெக்ஸ்போர்ட்டில் இருவரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடம், நீர் ஆறாம் மாடி, நான் ஒன்பதாம் மாடி. பபா வன்னிக்குள் இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை எங்கேயோ ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் வரிசையில் நின்று உமக்குப் போன் எடுப்பாள். மாசிக்குப் பிறகு அதுவும் நின்றது. நீர் போனை விட்டு அசையமாட்டீர். உடுப்புத் தோய்க்க நிலவறைக்கு இறங்கினால் அந்த நேரம் பார்த்து அடித்துவிடும் என்று பயம். அதனால் உம்முடைய உடுப்பையும் என்னுடையதோடு சேர்த்து நானே தோய்த்தேன். போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடிக்க நீர் நகரத்துக்குப் போகும் நாளில் நான் உம்முடைய வீட்டில் போனுக்குக் காவல் இருப்பேன். நான் போகும் நாளில் நீர் இருப்பீர். நாங்கள் இருவரும் ஒன்றாக வெளியே போனது அந்தக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான். அது இந்தப் பெட்டிக்குள் இருக்கிற விளையாட்டுக்காக.

என்னுடைய மகன் அப்போது நகரத்தில் வீடியோ கேம் செய்கிற ஓர் இடத்தில் வேலை. செய்து முடிக்கும் முன்னர் நாலு பேரைக் கூப்பிட்டு விளையாடவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்பார்களாம். வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் காட்டுகிறோமே, அதைப்போல. இந்தமுறை கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஆட்கள் வேண்டும் என்றார்கள். அவனுக்கு உடனே என்னுடைய முகம் நினைவுக்கு வந்ததாம்.

அவன் வந்து கேட்டபோது நீர் என் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர். உம்முடைய மகள் அன்றைக்கு லீவு போட்டுப் போனடியில் இருந்தாள்.

"என்ன கேம் மோனை?" என்று கேட்டீர்.

"ஆமி கேம் அன்ரி. உங்களுக்கு வேண்டாம். அம்மா மட்டும் வரட்டும்."

"ஏன் எனக்கு வேண்டாம்? கொம்மாவும் நானும் ஆமியை உன்னைவிடக் கனகாலம் பாத்தனாங்கள்."

"இது ஓப்பன் வேர்ல்ட் அன்ரி. பெரிய இடம். எங்க வேணுமெண்டாலும் போகலாம். உங்களுக்குத் தலை சுத்தும்."

"எங்க வேணுமெண்டாலும் போகலாமோ?" என்று கேட்டீர். பிறகு குவளையைக் கழுவி வைத்துவிட்டு, "எந்தக் கிழமை? நானும் வாறன்" என்றீர். நான் மகனைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்று காட்டினேன். நீர் அதைக் கண்டுவிட்டீர். ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நாள்முதல் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது ரீச்சர் என்றுதான். "கண்ணைச் சிமிட்டாதையும் ரீச்சர். ஒரு பின்னேரம் எண்டாலும் அந்தப் போனைப் பாக்காம இருக்கவேணும். இல்லாட்டி நான் அதை யன்னலால எறிஞ்சுபோடுவன்."

ஓப்பன் வேர்ல்ட் என்றால் என்ன என்று அன்றைக்கு மகன் சொன்னது எனக்கு முழுதாக விளங்கவில்லை. இப்போது ஓர் உதாரணம் சொல்லத் தெரியும். மற்ற விளையாட்டுகள் ரயில் மாதிரி, தண்டவாளம் போகிற பக்கம்தான் போகலாம். இது சந்தைக்குள் விட்ட பிள்ளை மாதிரி. மலை, ஆறு, ஊர், வயல் எல்லாம் செய்து நடுவில் நம்மை இறக்கிவிடுவார்கள். சண்டைக்குப் போகலாம், போகாமல் ஆற்றங்கரையில் நின்று மீனும் பார்க்கலாம்.

நாங்கள் போன அன்றைக்கு மகன் வேலைசெய்த இடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் தொடங்கிய கையோடு ஆற்றில் விழுந்து செத்துப்போனேன். திரும்பவும் எழுப்பிவிட்டார்கள். திரும்பவும் ஆற்றில் விழுந்தேன். "நீர் என்ன, முழுகப் போறீரே?" என்று சிரித்தீர். எத்தனையோ நாளைக்குப் பிறகு உம்முடைய சிரிப்பைக் கேட்டேன். அதற்குப் பிறகு என்னுடைய கொன்ட்ரோலரை வைத்துவிட்டு உம்முடைய திரையைத்தான் பார்த்தேன்.

பெயரில்லாத ஒரு வறண்ட நாடு. மண் சுவர் வீடுகள், ஒரு கிணறு, கிணற்றடியில் தலையில் துணி போட்ட ஒரு பெண். உமக்குத் தந்த வேலை மலை உச்சியில் இருந்த பீரங்கியை உடைப்பது. நீர் மலைப்பக்கமே திரும்பவில்லை. கிணற்றடிக்குப் போய் நின்றீர். "புழுதி மட்டும் எங்கட புழுதிதான்" என்றீர். அந்த நேரம் மலையிலிருந்து ஷெல் வரத் தொடங்கியது. நீர் உடனே படுக்கிற பொத்தானை அமத்திவிட்டீர். மகன் சொல்லித்தந்த அத்தனை பொத்தான்களில் உமக்கு நினைவில் நின்றது அது ஒன்றுதான். படுத்தபடியே பெண்ணைப் பார்த்தீர். அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மண் எறிபடுகிறது, அவள் வாளியைத் தூக்கி ஊற்றுகிறாள்.

"ஏன் உவள் ஓடுறாளில்லை?"

"தெரியேல்லை ரீச்சர்."

எழும்பினீர். வீடு வீடாகப் போய்ப் பின்பக்கம் பார்த்தீர். குசினிப் பக்கம், வேலிக்கரை, மரத்தடி. எங்களுக்குப் பின்னால் காதில் ஹெட்போனோடு நின்ற, அங்கே வேலைசெய்கிற இளம் பெட்டை, நீர் வழி தவறிவிட்டீர் என்று நினைத்து மலையைக் காட்டினாள். எனக்கு மட்டும் தெரியும் நீர் எதைத் தேடுகிறீர் என்று. சண்டை நடக்கிற ஊரில் வீட்டுக்கு ஒரு பதுங்குகுழி இருக்கும் என்பது உமக்கும் எனக்கும் வீட்டுக்கு ஓர் அடுப்பு இருக்கும் என்பதைப் போல. அவர்கள் புல்லின் ஒவ்வொரு இதழையும் செய்திருந்தார்கள். குழி ஒன்றும் வெட்டவில்லை.

"இல்லை" என்றீர். "சரி, கூட்டிக்கொண்டு போவம்."

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, மாட்டைச் சாய்த்து ஓட்டுவது போல உடம்பால் தள்ளத் தொடங்கினீர். இரண்டடி போவாள், திரும்பிக் கிணற்றுக்கு வருவாள். "வா பிள்ளை, வா" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. உமக்கு அது தெரிந்திருக்காது. தள்ளித் தள்ளி ஊர் எல்லை மட்டும் கொண்டுவந்துவிட்டீர். திரை சாம்பல் நிறமானது. எழுத்து வந்தது. நான் வாசித்துச் சொன்னேன். "களத்தை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்புங்கள்." கீழே இலக்கம் குறைந்துகொண்டே போனது. நீர் திரும்பவில்லை. உம்முடைய ஆள் செத்து விழுந்தான். எழுப்பிவிட்டார்கள். மற்றத் தெருவால் கொண்டுபோனீர். அங்கேயும் சாம்பல் நிறம். வயலுக்குள்ளால் போனீர். ஆற்றைக் கடந்து போனீர்.

"எங்க வேணுமெண்டாலும் போகலாம் எண்டானே உம்மட மோன்" என்றீர். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் ரீவியில் காட்டிக்கொண்டிருந்த வரைபடத்தில் பபா இருந்த இடம் ஒவ்வொரு நாளும் சுருங்கிக்கொண்டு வந்தது.

பிறகு அந்தப் பெட்டை மேசைக்கு எதிரே இருந்து கேட்டாள், ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு போடுவீர்கள் என்று. நீர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தீர். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனென்றால் அது தவணைப் பரீட்சைக்குப் புள்ளி போடுகிற முகம்.

"ஒரு பாடத்துக்கு ஒரு புள்ளிதான் போடலாம் எண்டு சொல்லும் ரீச்சர். எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்டு போடேலாது" என்றீர். நான் மொழிபெயர்த்தேன். தண்ணீருக்குப் பத்து. புல்லுக்குப் பத்து. வெயிலுக்கு ஒன்பது, பின்னேர வெயில் சரியில்லையாம். துவக்கு வெடிச் சத்தத்துக்குப் பத்து. "அதுவும் சரியாத்தான் இருக்கு, ஏன் பொய் சொல்லுவான்" என்றீர். பிறகு நிறுத்தினீர்.

"சனத்துக்கு சைபர்."

அந்தப் பெட்டை தட்டச்சை நிறுத்தினாள். நான் எதிர்பார்த்திருந்தேன், ஏனென்றால் உம்முடைய வழக்கம் எனக்குத் தெரியும். எத்தனை வருடம் ஒரே அறையில் இருந்து விடைத்தாள் திருத்தினோம். "சைபர் போடுறதெண்டா பக்கத்தில என்ன செய்யவேணும் எண்டும் எழுதவேணும். இல்லாட்டி அது பிள்ளைக்கு அடிச்ச மாதிரி" என்பீர். அங்கேயும் ஒரு கடதாசி கேட்டு வாங்கினீர். வீடு, கிணறு, இடையில் குழி. எவ்வளவு ஆழம், மேலே மரக்குற்றி, அதற்கு மேல் சீலையில் தைத்த மண்மூட்டை. இறங்க இரண்டு படி. படிக்குப் பிறகு ஒரு வளைவு.

"ஏன் வளைக்கிறது?" என்று அந்தப் பெட்டை கேட்டாள்.

நீர் உம்முடைய கையை நேராக நீட்டிக் காட்டினீர். வாசல் நேராக இருந்தால் வெளியே விழுகிற ஷெல்லின் சிதறல் நேரே உள்ளே வரும். பிறகு முழங்கையை மடக்கினீர். இப்படி இருந்தால் மண் வாங்கும், ஆள் தப்பும். முழங்கை மடங்கியபடியே இருந்தது. "என்ர தங்கச்சி இப்ப ஒண்டுக்குள்ள இருக்கிறாள் எண்டு சொல்லும்" என்றீர். நான் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. கடதாசியை இரண்டு கையாலும் வாங்கினாள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் இருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர். "குழி வெட்டுவாங்களே?"

"வெட்டுவாங்கள்" என்றேன்.

வைகாசியில் போர் முடிந்தது. முடிந்தது என்று ரீவி சொன்ன காலையில் நீர் சோறு வடித்துக்கொண்டிருந்தீர். கஞ்சியை வடித்து, பானையை நிமிர்த்தி, மூடி வைத்துவிட்டு, நிலத்தில் இருந்தீர். நானும் பக்கத்தில் இருந்தேன்.

முகாமிலிருந்து வெளியே வந்த பபாவின் அயல்வீட்டுப் பெண் பல மாதங்களுக்குப் பிறகு போன் எடுத்தாள். நீர் என்னையும் கேட்கச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டீர். "கடைசியா கடற்கரைப் பக்கம் அக்கா. அங்க மணல். வெட்ட வெட்டச் சரியும். ஆனா அவ எப்பிடியோ ஒண்டு வெட்டிப்போட்டா. நாங்கள் வெளிக்கிடேக்க உள்ளுக்கு இருந்தவ. வாங்கோ எண்டு கூப்பிட்டனாங்கள். ஷெல் ஓயட்டும், நீங்கள் போங்கோ, வாறன் எண்டவ. பேந்து நாங்கள் காணேல்லை."

நீர் ஒரே ஒரு கேள்வி கேட்டீர். "வளைச்சு வெட்டினவளோ?"

"தெரியேல்லை அக்கா. மணலில எப்பிடி வளைக்கிறது."

அதற்குப் பிறகு எத்தனை பேர் உம்மோடு கதைத்துப் பார்த்தார்கள். அந்தியேட்டிக் கிரியை செய்யவேண்டும், ஆத்மா அலையும், படத்துக்கு மாலை போடவேண்டும் என்றெல்லாம். நீர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னீர்: "வாறன் எண்டு சொன்னவள். வரேல்லை எண்டு ஆர் கண்டது?" பபாவின் படத்தைச் சாமி அறைக்குள் கொண்டுபோக நீர் கடைசிவரை விடவில்லை. அது சாப்பாட்டு மேசைக்கு மேலேதான் தொங்கியது, உயிரோடு இருக்கிறவர்களின் படங்களோடு.

கேம் மறுவருடம் வெளிவந்தது. மகன் ஒன்று கொண்டுவந்து உமக்குத் தந்தான். "போட்டுப் பாப்பமே?" என்று நான் கேட்டேன். நீர் அதைத் துணியால் துடைத்து அலுமாரியில் வைத்தீர்.

"வேண்டாம் ரீச்சர். பாக்காமல் இருந்தா வெட்டியிருப்பாங்கள் எண்டு நினைக்கலாம். பாத்தா, ஒண்டில் இருக்கும், இல்லாட்டி இராது."

இன்று காலை மகன் வேலைக்குப் போகும் வழியில் தன்னுடைய பழைய கேம் மெஷினைக் கொண்டுவந்து ரீவியில் பூட்டித் தந்தான். "ஆரைச் சுடப்போறியள் அம்மா?" என்றான். பெட்டியைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். "அந்தக் கடதாசிக்கு என்ன நடந்ததெண்டு எனக்கும் தெரியாது. என்னை வேற கேமுக்கு மாத்திட்டினம். நானும் இதைப் போட்டுப் பாக்கேல்லை" என்றான். தேத்தண்ணி குடிக்காமலே போனான்.

முதலில் ஆற்றில் விழுந்தேன், ரீச்சர். நீர் இருந்திருந்தால் சிரித்திருப்பீர். பிறகு நடந்து நடந்து அந்த ஊரைக் கண்டுபிடித்தேன். அதே கிணறு. அதே பெண். பின்னேர வெயிலைத் திருத்தியிருக்கிறார்கள், அதற்கும் இனிப் பத்துப் போடலாம்.

வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையில் குழி இருக்கிறது.

மரக்குற்றி இருக்கிறது. மேலே மூட்டைகள் இருக்கின்றன, ஒன்றில் பூப்போட்ட துணி. இரண்டு படி. நான் இறங்கிப் பார்த்தேன். வளைவு இல்லை. நேராக வெட்டியிருக்கிறார்கள். உம்முடைய முழங்கையை அவர்களால் செய்ய முடியவில்லையோ, நேரம் போதவில்லையோ, தெரியாது. நான் படியில் நின்று ரீவிக்கு முன்னால் அழுதேன். நீர் என்ன புள்ளி போடுவீர் என்று நினைத்துப் பார்த்தேன். ஐந்து போட்டிருப்பீர். பக்கத்தில் ஒரு வரி எழுதியிருப்பீர்.

மலையிலிருந்து ஷெல் வரத் தொடங்கியது. அந்தப் பெண் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். ரீச்சர், அவள் ஓடினாள். குனிந்து குழிக்குள் இறங்கினாள். எனக்கு அந்த நேரான வாசல்தான் கண்ணில் நின்றது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. போய் வாசலில் குறுக்கே நின்று, அந்தப் படுக்கிற பொத்தானை அமத்தினேன். வளைவு இருக்கவேண்டிய இடத்தில் படுத்துக்கிடந்தேன். திரையின் ஓரமெல்லாம் சிவந்தது. மண் எறிபட்டது. நான் எழும்பவில்லை.

ஓய்ந்தது. அவள் வரவில்லை. குழி இருட்டாகவே இருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றும் மணம் வந்தது. உம்மை நினைத்தேன். அந்தச் சாப்பாட்டு மேசையில் இத்தனை வருடம் நீர் இருந்தது இப்படித்தான்.

பிறகு அவள் வந்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

உமக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது விளையாட்டு என்று எனக்குத் தெரியும். கணக்குப் படிப்பித்தவள் நான், ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போட்டு விடை சரி என்று சொல்லமாட்டேன். பபா அந்த மணலில் இருந்து வெளியே வந்தாள் என்று இதனால் ஆகாது. வரவில்லை என்றும் ஒருவரும் கண்டதில்லை.

உம்முடைய போன் நம்பரை நான் எடுத்து வைத்திருக்கிறேன். மகள் அந்த இணைப்பை வெட்டப்போகிறேன் என்றபோது என் பெயருக்கு மாற்றித் தரச்சொன்னேன். பபா பாடமாக்கி வைத்திருந்த ஒரே நம்பர் அது. அடித்தால் குசினிக்கு ஓடித்தான் போகிறேன். அனேகமாக யாரோ கொம்பனிக்காரர், வீட்டுக் காற்றுக்குழாய் சுத்தம் பண்ணவேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி வைக்கிறேன்.

சற்று முன் அந்தப் போனில்தான் உம்முடைய மகளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, ஐயரிட்ட அம்மான்ர பேரை மட்டும் குடும்."

"அப்ப சித்தி?"

"ஆர் கண்டது?" என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓம் அன்ரி" என்றாள்.

ரீவியை இன்னும் நிற்பாட்டவில்லை, ரீச்சர். நான் குழி வாசலில்தான் கிடக்கிறேன். அவள் தண்ணீர் அள்ளுகிறாள்.